தண்டட்டியைக் கழற்றி வைத்துவிட்டு

திண்டுக்கல் ரோட்டில் தந்திக் கம்பத்தைக் கண்டால் அவளுக்குக் கால் நின்றுவிடும். தலையில் கத்தரிக்காய்க் கூடை இருக்கும், சந்தைக்கு நேரமாகியிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்டட்டி தொங்குகிற காதை மெதுவாக ஒதுக்கிக் கம்பத்தில் வைப்பாள். உள்ளே ஓடுகிற ரீங்காரத்தைக் கண்ணை மூடிக் கேட்பாள். கல்யாண வயதில் ஒரு மகளும், அவளுக்குக் கீழே இரண்டு பையன்களும் இருக்கிறவள் செய்கிற காரியமா இது?

"என்னக்கா கேக்குது?" என்பேன்.

"ஒண்ணும் கேக்கல. நல்லாருக்கு."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பின்னால் வருகிற வண்டிக்காரன் சிரிப்பான். எனக்கு மானம் போகும். அவளுக்குப் போகாது. கூடையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த கம்பம் வரைக்கும் நல்ல பொம்பளையாக நடந்து வருவாள்.

அவள் எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. விளாங்குடிக்கு மேற்கே எங்களுக்குத் தோட்டம். இரண்டு அண்ணன் தம்பிகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்த காலம். வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்து, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. நான் மதுரை டவுனில் தெற்கு வெளிவீதியில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தண்ணீர் என்றால் குடத்துக்குள் இருப்பதுதான். அவளோ கீழக்குயில்குடிக்காரி. சமணர் மலைப் பாறையில் சறுக்கியும் மலையடியில் இருக்கிற கிணறுகளில் குதித்தும் வளர்ந்தவள். கல்யாணமானதும் அதையெல்லாம் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

மழை வந்தால் மற்ற பெண்கள் காயப்போட்ட வற்றலை அள்ள ஓடுவார்கள். இவள் முற்றத்தில் போய் நிற்பாள். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவாள். மடியில் எப்போதும் புளியங்காய் இருக்கும். அதைக் கடித்து ஒரு கண்ணை மூடி உடம்பைச் சிலிர்த்துக்கொள்வதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குப் பல் கூசும். எங்கள் மாமியார் திட்டுவாள். "வயசுக்கு ஏத்த புத்தி வேணாமாடி?" என்பாள்.

"வயசானா புளியங்கா இனிக்கவா செய்யுது அத்தை? அப்பவும் புளிக்கத்தானே செய்யுது" என்பாள் இவள்.

இதையெல்லாம் வீடு பொறுத்துக்கொண்டது. வீட்டுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் தோட்டத்துக் கிணறு.

பெரிய கிணறு அது. மாடு பூட்டிக் கமலை கட்டி இறைப்பது. தண்ணீர் பச்சையாக, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கிடக்கும். எனக்கு எட்டிப் பார்க்கவே பயம். மத்தியானம் ஆண்கள் கஞ்சி குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்த பிறகோ, சந்தைக்குப் போன நாளிலோ அவள் என்னை இழுத்துக்கொண்டு அங்கே போவாள். என் வேலை யாரும் வருகிறார்களா என்று பார்ப்பது. அவள் கண்டாங்கிச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இரண்டு தண்டட்டியையும் கழற்றிக் கிணற்றுக் கட்டின் மேல் வைப்பாள். நல்ல கனமான பொன் தண்டட்டி. அதோடு குதித்தால் தண்ணீர் அடிக்கிற அடியில் காது அறுந்துவிடும். பிறகு பின்னால் போய், ஓடிவந்து குதிப்பாள்.

நான் காதைப் பொத்திக்கொள்வேன். தண்ணீர் மேலே எழும்பி விழும். அவள் முங்கிப் போய்விடுவாள். நான் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடிக்கும்போது மேலே வந்து, முடியை ஒதுக்கி, கையை நீட்டுவாள். கை நிறைய அடிமண். சிறுமியாக இருந்தபோது போட்ட பந்தயம் அது. அடியைத் தொட்டதற்கு அத்தாட்சி.

"அடியில சில்லுன்னு இருக்குடி. ஒரு தடவை குதிச்சுப் பாரு. நான் பிடிச்சுக்கிறேன்."

"என்னைய விடுக்கா. நான் பிள்ளை குட்டி பெத்து வாழணும்."

"நான் மட்டும் என்ன சாகவா குதிக்கிறேன்?" என்று சிரிப்பாள். அந்தச் சொல்லை நாங்கள் இருவருமே விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அவளுடைய புருஷன், என் மூத்தார், வாயில் கொழுக்கட்டை வைத்த மனிதர். மாட்டிடம் பேசுவதில் பாதிகூடப் பெண்டாட்டியிடம் பேச மாட்டார். நல்லவர். கை நீட்டி அவர் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் பசியோடு வந்து உட்கார்ந்தார். சோறு அடிப்பிடித்துக் கரிந்திருந்தது. அடுப்பைப் பார்க்கவேண்டியவள் கொல்லையில் பிள்ளைகளோடு புளியங்கொட்டை வைத்து ஒற்றையா இரட்டையா ஆடிக்கொண்டிருந்தாள். அவர் கும்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இந்த வீட்டுல எத்தனை பிள்ளைங்கதான் இருக்கு? பெத்ததும் பிள்ளை, பெத்தவளும் பிள்ளையா?" என்று கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

அவள் வேறு சோறு வடித்தாள். மத்தியானம் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மாமியார் என்னை மாவாட்ட உட்கார வைத்துவிட்டதால் அன்று காவலுக்கு நான் இல்லை. மாட்டுக்கு லாடம் கட்டப் போன அவர் இன்னும் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கவில்லை. கிணற்றடியில் யாரும் இல்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்தது இதுதான். காலையில் புருஷன் வாயால் பேச்சு வாங்கியவள் தனியாகக் கிணற்றடிக்கு வருகிறாள். கலயத்தை இறக்கி வைக்கிறாள். காதிலிருந்து தண்டட்டியைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கிணற்றுக் கட்டின் மேல் வைக்கிறாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். வாழ்க்கை வெறுத்துக் கிணற்றுக்குப் போகிறவள் நகையைக் கழற்றி மகளுக்கு வைத்துவிட்டுத்தான் போவாள். அவர்கள் கூப்பாடு போடுவதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

அடிமண்ணை அள்ளிக்கொண்டு அவள் சிரித்தபடி மேலே வந்தபோது கிணற்றைச் சுற்றித் தலைகள். பக்கத்துத் தோட்டக்காரர் தலைப்பாகையோடு அவளைக் காப்பாற்றக் குதித்தார். அவருக்கு நீச்சல் அரைகுறை. அவர் தண்ணீர் குடித்து மூழ்கப்போக, இவள்தான் அவர் குடுமியைப் பிடித்துப் படிக்கு இழுத்துவந்து போட்டாள். ஊரில் சொன்னது, அவர் அவளைக் காப்பாற்றினார் என்று. அவரும் அதை மறுக்கவில்லை. மனிதர் கடைசிவரை அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் கீழக்குயில்குடியிலிருந்து அவள் அண்ணன்மார் கூட்டுவண்டி கட்டிக்கொண்டு கம்போடு வந்து இறங்கினார்கள். ஊர்ச் சாவடியில் கூட்டம் கூடியது. நாங்கள் பெண்கள் ஓரமாக நின்றோம். அவள் மூத்த அண்ணன் என் மூத்தாரைப் பார்த்துப் பேசினான்.

"மாப்ள, நாங்க தங்கச்சியக் கட்டிக் குடுத்தது இப்படிச் சாகவா? இம்புட்டுக் காலமா என்ன கொடுமை செஞ்சீங்கன்னு சபையில சொல்லுங்க. இல்லைன்னா பிள்ளையும் வேணாம் குட்டியும் வேணாம், அவளை இப்பவே வண்டில ஏத்திட்டுப் போறோம்."

மூத்தார் தலையைக் குனிந்தார். அந்த ஒரு திட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. ஊர்ப் பெரியவர் அவளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, பயப்படாமச் சொல்லு. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல மாமா. எனக்கு ஆசையா இருந்துச்சு, குதிச்சேன். எப்பவும் குதிக்கிறதுதான்."

கிழவி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"புருசனைக் காட்டிக்குடுக்காம எப்படிப் பேசுறா பாருங்க. பத்தினிடி இவ."

"நெசமாத்தான் சொல்றேன். அவுக மேல ஒரு தப்பும் இல்லை."

"அப்பத் தண்டட்டியை எதுக்குத் தாயி கழட்டி வச்ச?" என்றார் பெரியவர்.

"தண்ணி அடிச்சாக் காது வலிக்கும்ல?"

அவ்வளவுதான். நின்ற பெண்களில் பாதிப்பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் பத்தினித்தனம் ஏறிக்கொண்டே போயிற்று. நான் மாமியாரிடம், "அத்தை, அக்கா சொல்றது உண்மைதான், நான் பார்த்திருக்கேன்" என்றேன். "நீ டவுன்காரி, சும்மா இரு" என்று என் வாயை அடைத்தாள். குழந்தையைப் போல ஒருத்தி சந்தோஷப்படுகிறாள் என்பதை நம்புவதைவிட அவள் சாகப்போனாள் என்று நம்புவது அந்தச் சாவடிக்குச் சுலபமாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம் வரும்.

முடிவில் சூடம் கொளுத்தினார்கள். இனி இவளைக் கை நீட்டி அடிக்க மாட்டேன், மனம் நோக ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்று மூத்தார் அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். ஒருநாளும் அடிக்காத கை அது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன்மார் அவளை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் உரலடியில் என்னிடம் சொன்னாள்.

"இனி நான் கிணத்துல குதிச்சா, அவுக சத்தியம் தப்புனவுகன்னு ஊரு சொல்லும். இல்லையாடி?"

"ஆமாக்கா."

"அப்பச் சரி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தந்திக் கம்பத்தைத் தாண்டி நடந்தாள். நான் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். "வெரசா வாடி, சந்தைக்கு நேரமாச்சு" என்றாள். மழை வந்தபோது எல்லாரையும் போல வற்றலை அள்ள ஓடினாள். மடியில் புளியங்காய் இல்லை. கிணற்றை ஒட்டிய வரப்பில் போகாமல் சுற்றிக்கொண்டு போவாள். மாமியாருக்கு ஒரே பூரிப்பு. "இப்பத்தான் பொம்பளையா ஆயிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கோ வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. அவள் சிரிப்புச் சத்தம் கேட்காத வீட்டில் வேலை செய்வது எம்புட்டுக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் புருஷனும் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்கள் வழக்கத்தில் மூத்தார் தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. அவரும் பேசியதே இல்லை. ஒரு காலையில் நான் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். அவர் வந்து செவலைக் காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

"செவலை, ஒண்ணு கேக்கணும். அவ அன்னைக்கு நான் வஞ்சதுக்குக் குதிச்சாளா, இல்ல அவ சொன்ன மாதிரி ஆசைக்குத்தான் குதிச்சாளா? கூட இருக்கிறவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் கூடையைக் கீழே வைத்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நானும் செவலையைப் பார்த்தே சொன்னேன்.

"செவலை, நான் வாக்கப்பட்டு வந்ததுலருந்து பார்க்கிறேன். வாரம் தப்பாமக் குதிக்கிறவுக அக்கா. அன்னைக்கு வஞ்சதெல்லாம் அவுகளுக்கு ஞாபகங்கூட இருந்திருக்காது."

செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"வாரம் தப்பாமலா?" என்றார் அவர். காளையின் திமிலைத் தட்டிக்கொடுத்து, "இத்தனை வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே செவலை" என்றார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் என்னைத் தேடி அடுப்படிக்கு வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவுக மத்தியானம் கஞ்சியை என்னையவே கொண்டுவரச் சொல்றாங்க."

"கொண்டுபோயேன்க்கா."

"தண்டட்டியை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வான்னும் சொன்னாங்கடி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அது மாசி மாதம். அறுவடை முடிந்து நிலம் தரிசாகக் கிடந்தது. அந்தத் தரிசுக்கு அவர் கமலை பூட்டினார். வாயே திறக்காத மனிதர் தொண்டை கிழியப் பாடினார். மாடுகள் பள்ளத்தில் இறங்கும்போது தண்ணீர் மொள்ளுகிற சால் மேலே வரும். அவை பின்னால் ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரில் தொப்பென்று விழும். ஊருக்குக் கேட்டது பாட்டும் சால் விழுகிற சத்தமும்தான். நடுவில் ஒருதரம் மாடுகளைப் பள்ளத்தில் நிறுத்திக்கொள்வார். அப்போது விழுவது சால் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் இரண்டு மாட்டுக்கும் மட்டுமே தெரியும்.

நான் வரப்பில் காவல் நிற்பேன். அவர் திரும்பியே பார்க்க மாட்டார். பயம். கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாட்டை உரக்கப் பாடுவார். அவள் முங்கியிருக்கிற நேரம் நீண்டால் பாட்டு நடுங்கும். கடைசியில் நிறுத்திவிட்டு மாட்டைக் கேட்பார்.

"செவலை, மேல வந்துட்டாளா?"

கிணற்றுக்குள்ளிருந்து சிரிப்போடு குரல் வரும். "வந்துட்டேன்னு சொல்லு செவலை."

தரிசுக்குத் தண்ணீர் இறைக்கிறவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. அதற்காக அவர் அங்கே தண்டங்கீரை விதைத்தார். அது மண்டிப்போய், விளாங்குடியில் கீரை வாங்காத வீடே கிடையாது. எங்கள் வீட்டில் கீரைக் குழம்பு, கீரை மசியல், கீரைப் பொரியல். என் வீட்டுக்காரர் கீரையைக் கண்டாலே எழுந்து ஓடினார். அவள் மட்டும் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். மறுபடியும் தந்திக் கம்பங்களில் எங்களுக்கு நேரமாயிற்று. நான் மானத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்த சமயம் மூத்தாருக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தவர் எழவில்லை. கருமாதி முடிந்து அவள் அண்ணன்மார் கூப்பிட்டும் அவள் பிறந்த ஊருக்குப் போகவில்லை. தண்டட்டியை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். கீரைப் பாத்தி காய்ந்தது. என் வீட்டுக்காரர் அங்கே இறைக்க மனமில்லாமல் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டார். அவள் வேலை செய்வாள், சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். இனி அவள் கிணற்றுப் பக்கம் போனால் புருஷனோடு போய்விட்டாள் என்றுதான் ஊர் ஓடிவரும். அது அவளுக்கும் தெரியும்.

மாசி பிறந்து வெயில் ஏறிய ஒரு மத்தியானம். என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். நான் தொழுவத்துக்குப் போய்ச் செவலையையும் அதன் ஜோடியையும் அவிழ்த்தேன். கமலை பூட்டத் தெரியாமல் பூட்டினேன். நுகத்தடி இரண்டு தரம் நழுவிக் காலில் விழுந்தது. பொம்பளை கமலை ஓட்டினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் வாழ்நாளில் தாலாட்டுக்கூட நான் ஒழுங்காகப் பாடியதில்லை. தொண்டையைத் திறந்து பாடினேன். எனக்குத் தெரிந்த ஒரே பாட்டு கும்மிப் பாட்டு. அதை இழுத்து இழுத்துக் கமலைப் பாட்டாக்கினேன்.

பாட்டுச் சத்தம் கேட்டு அவள் வரப்பில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள்.

"அவுக இம்புட்டு மோசமாப் பாட மாட்டாங்கடி" என்றாள்.

"நீ கேக்கவா வந்த? வந்த வேலையைப் பாருக்கா."

கிணற்றுக் கட்டின் மேல் ஏறினாள். பழக்கத்தில் கை காதுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கையை இறக்கிக்கொண்டாள். நான் மாடுகளைப் பள்ளத்துக்கு ஓட்டி நிறுத்தி, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். அவர் ஏன் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. பின்னால் தண்ணீர் எழும்பி விழுகிற சத்தம் கேட்டது.

பாடினேன். கும்மிப் பாட்டு முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஊர் சொன்னது உண்மையாகிவிடுமோ? இவளை நானே கூட்டிவந்து கிணற்றுக்குக் கொடுத்துவிட்டேனா? பாட்டை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. என்னை அறியாமல் மாட்டைத்தான் கேட்டேன்.

"செவலை, மேல வந்துட்டாளா?"

செவலை காதை ஆட்டியது. கிணற்றுக்குள் தண்ணீர் கலைகிற சத்தம். யாரோ மூச்சை வாங்கி விடுகிற சத்தம். அதற்கப்புறம் அவள் குரல், அழுதுகொண்டு வந்தது.

"வந்துட்டேன்னு சொல்லு செவலை. அவுககிட்ட சொல்லு."

அவள் படியேறி வர நேரமாயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை. தெரிந்த அந்த ஒரே பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து பாடிக்கொண்டு நின்றேன்.